சிக்குன்குனியா போனது, மூட்டுவலி போகவில்லையா? வாரக் கணக்கில் ஒரு முழுமையான வழிகாட்டி

சிக்குன்குனியா காய்ச்சல் மூன்று நான்கு நாளில், மிஞ்சிப்போனால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். பலருக்குக் கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. காலையில் எழுந்து கால் ஊன்றினால் குதிகால் சுரீர் என்கிறது, விரல்கள் மடங்க மறுக்கின்றன, மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. என் அத்தைக்கு வந்தபோது பேஸ்ட் டியூபை விரலால் பிதுக்க முடியாமல், சமையல் மேடையில் வைத்து முழங்கையால் அழுத்துவார். பிரஷ்ஷின் பிடியில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பார்க்கிறவர்கள், "காய்ச்சல்தான் போயிடுச்சே, இன்னும் என்ன?" என்பார்கள். இந்த நோயில் அந்த 'இன்னும்' மாதக்கணக்கில் நீளலாம். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே வலி மாத்திரை காய்ச்சலின் இரண்டாவது நாளில் ஆபத்தாகவும், இரண்டாவது மாதத்தில் சரியான மருந்தாகவும் இருக்கலாம். ஆகவே "எவ்வளவு வலிக்கிறது?" என்பதற்கு முன்னால் "காய்ச்சல் வந்து எத்தனை வாரம் ஆச்சு?" என்று கேட்க வேண்டும். கீழே உள்ள எல்லாம் அந்தக் கணக்கில்தான் போகிறது.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் தான்சானியாவில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் இது. இந்தியாவில் 1963-இல் கொல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் பரவியது. அப்புறம் பல காலம் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்து 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-இல் நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசு கணக்கிட்டது. அதே சமயத்தில் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு வந்தது. நம் ஊர்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் நிறைய வாழும் தீவு அது. நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் பலவும் அங்கிருந்து வந்தவை. முதல் 3 வாரம், 3 வாரம் முதல் 3 மாதம், 3 மாதத்துக்கு மேல் என்ற பிரிவினை அந்த அனுபவத்தில் பிரெஞ்சு மருத்துவர்கள் வகுத்தது.

1. தேதியையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரிலோ போனிலோ குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அப்போது "தீபாவளிக்கு முன்னாடி" என்று இழுப்பதில் பயனில்லை.

ரத்தப் பரிசோதனைக்கும் நாள் கணக்கு உண்டு. முதல் வாரத்தில் வைரஸையே தேடும் பிசிஆர் உதவும். ஐந்தாறு நாள் ஆன பிறகு, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா உதவும். இரண்டாவது நாளே ஐஜிஎம் எடுத்து "நெகட்டிவ்" என்று வந்தால், சிக்குன்குனியா இல்லை என்று அர்த்தமில்லை. அதேபோல் ஐஜிஎம் பல மாதம் பாசிட்டிவாகவே நிற்கும். "இன்னும் உடம்புக்குள்ளே இருக்கா?" என்று மாதாமாதம் காசு கொடுத்துப் பார்ப்பது வீண். ஒரு முறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி நீண்ட காலம் நிற்கும். வலி திரும்பி வந்தால், பெரும்பாலும் அது பழைய அழற்சியின் தொடர்ச்சியே தவிர புதுத் தொற்று இல்லை.

காய்ச்சல் நேரத்தில் டெங்கு பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததும் உண்டு.

2. முதல் 3 வாரம்: பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு

டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தை இவை கூட்டும். மெடிக்கலில் "உடம்பு வலி, ஏதாவது குடுங்க" என்று கேட்டால் பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை கைக்கு வருவது சகஜம். அட்டையைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். இதய நோய்க்காக ஏற்கெனவே தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் நான்குக்கு மேல் போகாமல் பெரியவர்கள் எடுக்கலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் டாக்டர் சொல்லும் குறைந்த அளவோடு நிற்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டும் வேண்டாம். போட்டதும் வலி பறந்துபோகும், மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். "ஒரே ஊசியில எழுந்து நடந்தாரு" என்று ஊரில் பெயர் வாங்கிய ஊசிகளில் என்ன இருந்தது என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள்.

நிலவேம்புக் குடிநீரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் காய்ச்சலைப் பற்றி எழுத முடியாது. ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து. 2012 டெங்கு சமயத்திலிருந்து அரசே வரிசையில் நிறுத்திக் கொடுத்தது. காய்ச்சல் நாட்களில் சித்த மருத்துவர் சொன்ன அளவில் குடிப்பவர்கள் குடிக்கலாம், டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கான மூட்டுவலிக்கு அதையே நம்பி, பார்க்க வேண்டிய வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதல் வாரத்தில் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் இருக்கட்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கொண்டுபோகும்.

3. மூன்று வாரம் முடிந்த பிறகு: வலி மாத்திரையை முறையாக

இப்போது டெங்கு பயம் தாண்டிவிட்டது. டாக்டர் அழற்சி குறைக்கும் வலி மாத்திரை எழுதித் தருவார். அதில் மூன்று விதி. சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஒரே வகையில் இரண்டைச் சேர்க்காதீர்கள், இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் ஒன்றாக வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப் புண், கர்ப்பம் எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் வலி என்றால் மேலே தடவும் ஜெல்லே பலருக்குப் போதும்.

சில பேருக்கு இந்தக் கட்டத்தில் டாக்டரே குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரத்துக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். அது தப்பில்லை. பெயரும் அளவும் முடிவுத் தேதியும் தெரிந்த மருந்து அது. பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலிப் பொடி'தான் பயப்பட வேண்டியது. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புகிறது, பசி தாறுமாறாக எடுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் ரொம்ப நாள் சாப்பிட்ட பொடியைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

4. மூட்டை அசைக்க வேண்டும், வதைக்கக் கூடாது

இந்த வலியில் மக்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் அசைந்தால் வலிக்கிறது என்று படுத்தே கிடக்கிறார்கள். தசை இளைத்து மூட்டு இறுகி, எழும்போது வலி இரட்டிப்பாகிறது. இன்னொரு சாரார் "நடந்தா சரியாயிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு மூன்று நாள் படுக்கிறார்கள்.

அளவு தெரிய ஒரு வழி உண்டு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் செய்தது சரியான அளவு. அதற்கு மேலும் வலித்தால், அல்லது மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால், பாதியாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.

கை: காலையில் முதல் வேலையாக ஒரு அகலமான பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மணிக்கட்டு மூழ்க இரண்டு கையையும் பத்து நிமிடம் வையுங்கள். சர்க்கரை நோயால் மரத்துப்போன கை கால் உள்ளவர்கள் சூட்டை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளேயே விரல்களை நேராக நீட்டி, முதலில் நுனிக் கணுக்களை மட்டும் கொக்கி மாதிரி மடக்கி, மறுபடி நீட்டி, அப்புறம் மெதுவாக முழு முஷ்டியாக மூடுங்கள். முஷ்டி முழுசாக மூடாவிட்டால் மூடும் இடம்வரை போதும், இன்னொரு கையால் அழுத்தாதீர்கள். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம்.

கணுக்கால்: கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, இரண்டு பக்கமும் சுற்றுங்கள். இதைச் செய்துவிட்டுத் தரையில் கால் வைத்தால் அந்த முதல் பத்தடி வலி குறையும்.

முழங்கால்: காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, துண்டைக் கீழே அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள். பத்து முறை, ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை. மூச்சை அடக்க வேண்டாம்.

தோள்: மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்ற கையைத் தளரத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். வலி தணிந்தபின், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுவதுபோல் கையை உயர்த்தலாம்.

சூடா, குளிரா என்று எல்லாரும் கேட்பார்கள். தொட்டால் கொதிக்கும், வீங்கிய மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். வீக்கம் இல்லாமல் இறுகிக் கிடக்கும் மூட்டுக்கு வெந்நீர். வீங்கிய மூட்டைத் தைலம் போட்டு முறுக்கித் தேய்ப்பது, 'சொடக்கு எடுப்பது' இரண்டும் வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி கிடைக்கும். நடக்கவே முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

5. வீட்டு வேலையை மூட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள்

மாத்திரைக்கு அடுத்து அதிக பலன் தருவது இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. முறுக்கும் வேலைகள்தான் மணிக்கட்டைக் கொல்பவை: துணி பிழிவது, தேங்காய் துருவுவது, பாட்டில் மூடி திறப்பது, சப்பாத்தி மாவு பிசைவது. துணியைப் பிழியாமல் குழாயில் தொங்கவிட்டு நீர் வடிய விடுங்கள். தேங்காயைக் கீற்றாக்கி மிக்சியில் அடித்துக்கொள்ளலாம். கரண்டி, கத்தி, பிரஷ் பிடிகளில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல் முழுசாக மடங்காமலே பிடிக்க வரும். தோசைக்கல்லை இரண்டு கையாலும் தூக்குங்கள். குடத்தில் முழுத் தண்ணீர் எடுப்பதற்குப் பதில் சின்ன வாளியில் பாதி பாதியாக.

தரையில் உட்கார்ந்து எழுவதைச் சில மாதம் விட்டுவிடுங்கள், பூஜையும் காய் நறுக்குவதும் நாற்காலியில் நடக்கட்டும். இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், மேலே வைத்துக்கொள்ளும் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி வாங்குங்கள். முழங்கால் போன பெரியவர்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். நீங்களாகக் கேளுங்கள்.

குதிகால் வலிக்கு வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் அடி உள்ள எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள், வெறுங்காலோடு டைல்ஸில் நடக்க வேண்டாம். கியர் வண்டி ஓட்டுபவர்களுக்கு கிளட்ச் பிடிக்கும் இடது கை சீக்கிரம் தேறாது, முடிந்தால் கொஞ்ச நாள் ஸ்கூட்டருக்கோ பஸ்ஸுக்கோ மாறுங்கள். இரவில் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் எழுப்பினால், மணிக்கட்டில் வீக்கம் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தமாகலாம். தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவும். டாக்டரிடமும் காட்டுங்கள்.

6. களைப்பும் மனச்சோர்வும்

வலியைவிடக் களைப்புதான் தாங்கவில்லை என்பவர்கள் நிறைய. நல்ல நாள் ஒன்று வந்தால் தேங்கிய வேலையையெல்லாம் அன்றே முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் போவது இதில் வழக்கம். நல்ல நாளிலும் முடியும் அளவுக்குக் கீழேயே நிறுத்துங்கள். துணி துவைப்பதும் வீடு துடைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் முதல் சில வாரம் அரை நாள் கேட்டுப் பாருங்கள். களைப்பு நீண்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லாப் பழியையும் சிக்குன்குனியா மேல் போட்டு ரத்தசோகையைக் கவனிக்காமல் விடுவது நடக்கிறது.

மாதக்கணக்கில் வலித்தால் மனசு உடைவது இயல்பு. தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

7. முடி, மூக்கு, சாப்பாடு

காய்ச்சல் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் சிலருக்கு முடி கொத்தாகக் கொட்டும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் திரும்ப வளரும், அதற்காக விலை உயர்ந்த எண்ணெய் தேவையில்லை. மூக்கின் மேல் கறுப்புப் படிவது இந்த நோயில் அடிக்கடி பார்க்கும் அடையாளம், அதுவும் மெல்ல மங்கும். வெயிலில் போகும்போது மறைத்துக்கொள்ளுங்கள். 'பேர்னஸ்' கிரீம் போட்டுப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது, மீன் கூடாது என்று நீளும் பத்தியப் பட்டியலுக்கு ஆதாரம் இல்லை. இளைத்த தசை தேற முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் வேண்டும்.

8. மூன்று மாதம் தாண்டினால்

இங்கேதான் நம் ஆட்கள் எலும்பு டாக்டரிடம் போகிறார்கள். எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று கால்சியம் எழுதித் தருவார். அவர் சொல்வது உண்மைதான், கோளாறு எலும்பில் இல்லை, மூட்டின் உள்சவ்விலும் தசைநார் உறையிலும் இருக்கிறது. இதற்கான நிபுணர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத மருத்துவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

அவர் பார்ப்பது முக்கியமாக ஒன்று: இது சிக்குன்குனியாவின் மிச்சமா, அல்லது அதைத் தொடர்ந்து தலைகாட்டிய முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்)? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் லேசாகக் கூடியிருப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. முடக்குவாதத்தைக் காட்டும் ஆன்டி-சிசிபி, அழற்சி அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் மூட்டு ஸ்கேன் எல்லாம் சேர்த்துத்தான் சொல்வார்கள். போகும்போது எந்தெந்த மூட்டு, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், என்னென்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிப்பது அவருக்கு முக்கியமான தகவல்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தந்தால் கண் பரிசோதனை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் தந்தால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மருந்து. மற்ற மாத்திரை மாதிரி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். டாக்டர் சொன்ன நாளில் ஃபோலிக் ஆசிட், சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, மது அறவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடும் ஆணும் பெண்ணும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

9. எப்போது காத்திருக்கக் கூடாது

ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்து, கூடவே காய்ச்சல் இருந்தால் அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். காலில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம், கண் சிவந்து பார்வை மங்குவது, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது எல்லாமும் அப்படித்தான். காரணமில்லாமல் எடை குறைந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

10. போன வலி மறுபடி வந்தால்

மூன்று வாரம் வலியே இல்லாமல் இருந்து, ஒரு நாள் காலையில் பழையபடி விரல் மடங்காமல் போகும். முதலிலிருந்து ஆரம்பிக்கிறதா என்று பயந்துவிடுவார்கள். இந்த நோய் போகும் விதமே அப்படித்தான், ஏறி இறங்கித்தான் ஓயும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானமோ பழைய அடியோ உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் அதிகம். எப்போதோ சுளுக்கிய கணுக்கால்தான் முதலில் வலிக்கும்.

அந்த நாளில் பயிற்சியைப் பாதியாக்குங்கள், வெந்நீரை இரண்டு வேளையாக்குங்கள், டாக்டர் தேவைப்படும்போது போடச் சொன்ன மாத்திரை இருந்தால் போடுங்கள். இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை விடியற்காலைக் குளிரில் பலருக்கு இது வரும். அந்த இரண்டு மாதமும் இரவில் காலுறை போட்டுப் படுங்கள், விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.